நகராத முப்பத்தெட்டு

அடுத்த மாதத்திலிருந்து மலைத் தடம் உங்கள் இருவருடையது. பள்ளிக்கூடங்கள், ஊராட்சி அலுவலகங்கள், சங்கங்கள் என்று கொல்லிமலையில் நாம் பராமரிக்கும் பழைய மேசைக் கணினிகள் அத்தனையும் இனி உங்கள் பொறுப்பு. எனக்கு அடிவார அலுவலகத்தில் நாற்காலி போட்டுவிட்டார்கள். ஒன்பது வருடம் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சுற்றியவளுக்கு அது பணி ஓய்வு மாதிரிதான் இருக்கிறது. முப்பத்தொரு வயதில் என்ன ஓய்வு என்று சிரிக்காதீர்கள்.

எந்தக் கணினிக்கு எந்த உதிரி பாகம் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது என் தவறு ஒன்றைப் பற்றி. என்னைப் பற்றி அலுவலகத்தில் நல்ல கதைகள் சிலவற்றைக் கேட்டிருப்பீர்கள். அவையெல்லாம் உண்மை, அதில் எனக்குக் கூச்சம் இல்லை. இந்தக் கதையை மட்டும் யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். வளப்பூர் நாட்டில், மிளகு விளைவிப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று இருக்கிறது. அறுவடைக் காலத்தில் விவசாயிகள் மூட்டையோடு வருவார்கள். எடை போட்டு, கணினியில் பதிந்து, சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவர் பூங்கொடி அக்கா. பத்தாவது வரை படித்தவர். கணினி வந்த புதிதில் அதைத் தொடவே எல்லோரும் பயந்தபோது, ஒரு விரலால் தட்டித் தட்டித் தானே கற்றுக்கொண்டவர். அவருடைய கணவருக்கு இடுப்பு அடிபட்டு வெளிவேலைக்குப் போக முடியாமல் இருந்தது. அந்த வீடு அவருடைய வேலையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தை மாதத் தொடக்கத்தில் சங்கத்தின் செயலாளர் எனக்குப் போன் செய்தார். கணினி தானாகவே அணைந்துபோகிறது என்றார். பாதிப் பதிவில் அணைந்தால் மூட்டையைத் திரும்பவும் தராசில் ஏற்ற வேண்டும். விவசாயிகளுக்கு பஸ் போய்விடும். சத்தம் போடுகிறார்கள்.

"மிஷின்ல கோளாறா, இல்ல இந்தப் பூங்கொடிதான் எதையாச்சும் அமுத்திப்போடுதான்னு தெரியலீங்க அம்மிணி. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போனா நல்லது" என்றார்.

அந்த "ஒரு வார்த்தை" எனக்குப் பிடித்திருந்தது. நான் சொன்னால் அது முடிவு.

போனேன். கணினி தானாக அணைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டை. செயலியின் வெப்பநிலை எல்லை தாண்டினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது மின்சாரத்தை வெட்டிக்கொள்ளும். ஆகவே வெப்பநிலை காட்டும் மென்பொருளைப் பதிந்து திறந்தேன். திரையில் இரண்டு வரிகள் வந்தன. ஒன்றில் நூற்றிருபத்தேழு டிகிரி என்று இருந்தது. பூங்கொடி அக்கா பதறிப்போனார்.

"ஏனுங்க, தண்ணி கொதிக்கறதே நூறுலதானுங்க?"

நான் சிரித்தேன். "அது பொய்க்கா. அந்த இடத்துல அளக்கற கருவியே இல்ல. இல்லாத இடத்துல இருந்து கண்ட நம்பரையும் எடுத்துக் காட்டுது. நெசமாலுமே அவ்வளவு சூடு இருந்தா இந்நேரம் மிஷின் உசுரோட இருக்காது."

அது சரியான பதில். கணினிக்குள் இருக்கும் அந்தப் பழைய தாய்ப்பலகையை மென்பொருளுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதும் எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டாவது வரியில் "சிபியு" என்று செயலியின் பெயரைப் போட்டு முப்பத்தெட்டு டிகிரி காட்டியது. முப்பத்தெட்டு என்பது நல்ல எண், நம்பும்படியான எண். நம்பினேன். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கணினி ஒருமுறைகூட அணையவில்லை. வெளியே வரிசையில் ஆறேழு பேர் மூட்டைகளோடு நின்றார்கள். எனக்கும் ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பெட்டியைத் திறக்கவில்லை. கணினியைத் தொடங்கும்போதே நுழையும் பயாஸ் திரைக்குள் போய், தாய்ப்பலகையே நேரடியாகக் காட்டும் வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை.

கிளம்பும்போது, "இந்த முப்பத்தெட்டை மணிக்கு ஒருதரம் பாத்து எழுதி வைங்கக்கா" என்று சொன்னேன். அதில் பெரிய யோசனை ஒன்றும் இல்லை. ஏதாவது வேலை கொடுத்துவிட்டுப் போனால் மரியாதையாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். சேவைச் சீட்டில் "கணினி நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, செயலாளரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் திருப்புலி நாடு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். எனக்கு எட்டு வயது ஆகும் முன்பே வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். அப்பா நீட்டுவார், நான் படிப்பேன், பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடி நிற்பார்கள். ஒருமுறை கால்நடை முகாம் பற்றிய நோட்டீஸ் வந்தது. இடத்தின் பெயர் மடிப்பில் அழிந்துபோயிருந்தது. எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கு வந்த ஊரைச் சொன்னேன். அப்பா மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர் வரை நடந்து போய், சாயங்காலம் அதே மாட்டோடு திரும்பி வந்தார். "அங்க ஒண்ணும் இல்ல கண்ணு, மாத்திட்டாங்களாட்ட இருக்குது" என்றார். என்னைச் சந்தேகப்படவே அவருக்குத் தோன்றவில்லை.

அந்த மாதிரி நம்பிக்கையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். கேள்வி வந்தவுடன் பதில் வந்துவிடும். என்னிடம் அது இருந்தது. இப்போதும் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஒரு வாரம் கழித்துச் செயலாளர் மறுபடி கூப்பிட்டார். குரலில் ஒரு முடிவு இருந்தது.

"அம்மிணி, மிஷின் நல்லா இருக்குதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. அப்புறமும் தெனம் நாலு தடவை அணையுது. அப்படின்னா கோளாறு ஆளுகிட்டத்தானே? அடிவாரத்துல டிகிரி முடிச்ச புள்ள ஒண்ணு இருக்குது, திங்கக்கெழமையில இருந்து வரச் சொல்லியாச்சு. நீங்க அன்னிக்கு வந்து அதுக்குச் சொல்லிக் குடுக்கோணும்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நான் எழுதியது கணினியைப் பற்றி. அது பூங்கொடி அக்காவைப் பற்றிய தீர்ப்பாக வாசிக்கப்பட்டிருக்கிறது. செயலாளர் வாசித்ததில் தவறும் இல்லை. இயந்திரத்தில் குறை இல்லை என்று நாம் சொன்னால், மிச்சம் இருப்பது அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனுஷிதானே. இதை அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் வெள்ளிக்கிழமையே முதல் பஸ்ஸில் போனேன். வளப்பூரில் இறங்கியபோது எதிரே வரும் ஆள் தெரியாத அளவுக்குப் பனி. சங்கத்துக் கதவைத் திறந்துவிட்டு அக்கா கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விளக்குமாறை வைத்துவிட்டு உள்ளே விரைந்தார். எதையோ எடுத்து மடித்து அலமாரிக்குள் வைப்பது கண்ணில் பட்டது. பிறகுதான் வெளியே வந்தார்.

"வாங்க மேடம்."

போன தடவை வரை "கண்ணு" என்று கூப்பிட்டவர்.

"திங்கக்கெழமைதான வாரீங்கன்னு சொன்னாங்க. அந்தப் புள்ள இன்னும் வரலீங்களே."

"நான் அதுக்கு வரலீங்கக்கா. மிஷினைப் பாக்க வந்தேன்."

"அதான் நல்லா இருக்குதுன்னு எழுதிட்டீங்களே. இன்னும் என்னத்தைப் பாக்கறது?" என்றவர், மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து என் முன்னால் போட்டார். "எழுதி வெக்கச் சொன்னீங்க. எழுதி வெச்சிருக்கறனுங்க. போறப்ப எடுத்துட்டுப் போங்க."

தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள். பின்பக்கத்தில் கோடு போட்டு, மணிக்கணக்காக எழுதியிருந்தார். காலை ஒன்பது, முப்பத்தெட்டு. பத்து, முப்பத்தெட்டு. பதினொன்று, முப்பத்தெட்டு. கணினி அணைந்த நேரங்களை மட்டும் சிவப்பு மையால் குறித்திருந்தார். அடுத்த நாளும் முப்பத்தெட்டு. அதற்கடுத்த நாளும்.

எனக்குக் காது சூடானது. இரவெல்லாம் பனியில் ஊறிக் கிடந்த அறையில், அப்போதுதான் உயிர் கொடுத்த கணினியும் முப்பத்தெட்டு காட்டுகிறது. நாள் முழுதும் ஓடிய கணினியும் முப்பத்தெட்டு காட்டுகிறது. வேலை செய்யும் எந்தச் செயலியும் அப்படி ஒரே எண்ணில் நிற்காது. நூற்றிருபத்தேழைப் போலவே இதுவும் இல்லாத இடத்திலிருந்து வந்த எண். நம்ப முடியாத பொய்யைப் பார்த்துச் சிரித்தேன், நம்பும்படியான பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"அக்கா, இது மாறவே இல்லன்னு உங்களுக்குத் தோணலியா?"

"மொத நாளே தோணுச்சுங்க. அடுப்புல வெச்ச சட்டிகூட நேரத்துக்கு ஒரு சூடு இருக்கும். ஆனா படிச்சவங்க நீங்க பாத்துட்டு நல்லா இருக்குதுன்னுட்டீங்க. நான் என்னத்தைக் கண்டேன்னு விட்டுட்டேன்."

தாள்களை மறுபடி புரட்டினேன். சிவப்பு மை எல்லாம் காலையிலும் மாலை நாலுக்குப் பிறகும்தான் இருந்தது. நடுப்பகலில் ஒன்றுகூட இல்லை. வெயில் நேரத்தில்தானே சூடு ஏற வேண்டும்? இது தலைகீழாக இருந்தது.

"நடுப்பகல்ல ஏன்க்கா ஒரு தடவைகூட அணையல?"

"அதென்னமோ தெரியலீங்க. வெயில் வந்துட்டா நானும் போர்வையை எடுத்துருவேன், அதும்பாட்டுக்கு ஓடும்."

"எந்தப் போர்வை?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த பழைய கம்பளியை எடுத்துக் காட்டினார். சன்னலை மூடினால் வரிசையில் நிற்பவரிடம் சீட்டு நீட்ட முடியாது, திறந்தால் பனி உள்ளே வந்துவிடும். ஆகவே பனி இருக்கும் நேரமெல்லாம் சிபியு பெட்டிக்குக் கம்பளியைப் போர்த்தி, பின்பக்கம் வரை சொருகி வைத்திருக்கிறார்.

"போன தடவை நான் வந்தப்ப இது இல்லியே?"

"ஊட்டுக்கு ஆளு வந்தா பாயைச் சுருட்டி வெக்கறதில்லீங்களா? நீங்க வாரீங்கன்னு எடுத்து வெச்சேன்."

"யாருக்கா போத்தச் சொன்னது?"

"நீங்கதானுங்க. ஐப்பசி மழையில வந்தப்ப, ஈரம் படாம பாத்துக்கங்கக்கான்னு சொல்லிப்போட்டுப் போனீங்க."

சொல்லியிருந்தேன். நினைவுக்கு வந்தது. எல்லா இடத்திலும் சொல்லும் வாக்கியம் அது. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் எங்கேயும் சொன்னதில்லை.

கம்பளியை வழக்கம்போல் போர்த்தச் சொன்னேன். கணினியை இருபது நிமிடம் ஓடவிட்டோம். மென்பொருள் முப்பத்தெட்டு என்றது. மறுதொடக்கம் செய்து பயாஸ் திரைக்குள் போனேன். அங்கே தொண்ணூற்று மூன்று. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று ஐந்து.

"ஐயோ, எடுங்க எடுங்க" என்று கம்பளியை அக்காவே பிடுங்கினார். பெட்டியின் மேல் கையை வைத்தார். "பாவம், காய்ச்சல்காரப் புள்ளையை இழுத்துப் போத்திப் படுக்க வெச்சிருக்கறனே."

அணைத்துவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். செயலியின் மேல் இருக்கும் விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே, பஞ்சு மெத்தை மாதிரி தூசி அடைத்திருந்தது. எல்லாம் மிளகுத் தூசி. தூரிகையை வைத்ததுதான் தாமதம், இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தும்ம ஆரம்பித்தோம். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தோம். நடுவில் எப்போதோ "மேடம்" போய்விட்டது. "தள்ளு கண்ணு, நான் தட்டறேன், எனக்குப் பழக்கம்" என்று தூரிகையை வாங்கிக்கொண்டார். செயலியின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன். மூடி, கம்பளி இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்தபோது பயாஸில் ஐம்பத்தொன்று. கொஞ்ச நேரத்தில் ஐம்பத்து மூன்று. பிறகு மறுபடி ஐம்பத்திரண்டு. உயிருள்ள எண்.

இதுவரை சொன்னது வேலை. இனிமேல்தான் சிரமமான இடம்.

பத்தரை மணிக்குச் செயலாளர் வந்தார். கூடவே வரிசையும் சேர்ந்துவிட்டது. எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. தூசி அடைத்திருந்தது, துடைத்துவிட்டேன், இனி ஓடும் என்று சொல்லலாம். யாருக்கும் வலிக்காது. ஆனால் போன வாரத்துச் சீட்டு அப்படியே இருக்கும், திங்கட்கிழமை அந்தப் பெண்ணும் வருவாள். இரண்டாவது, கம்பளியைச் சொல்லலாம். அது உண்மை. சொல்லும்போதே எனக்குப் பெருமையாகவும் இருக்கும். ஆனால் அந்த ஒற்றை உண்மையில் அக்காவின் வேலை முடிந்துவிடும். மூன்றாவது வழிக்கு என் வாய் பழகியிருக்கவில்லை.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே செயலாளர் மேசை மேல் கிடந்த கம்பளியைப் பார்த்துவிட்டார்.

"இதென்ன இங்க?"

அக்கா ஒளிக்கவில்லை. "பனி படாம இருக்கோணும்னு பொட்டிக்குப் போத்தியிருந்தனுங்க. அதுலதான் சூடாயிருக்குது."

பிறகு வரிசையில் யாரோ, "ஏம் பூங்கொடி, போத்தி உட்டயே, தாலாட்டுப் பாடுனியா?" என்று கேட்க, சன்னலுக்கு வெளியே சிரிப்பு வெடித்தது. "சுக்குக் காப்பி வெச்சுக் குடுத்திருப்பா" என்றார் இன்னொருவர். செயலாளரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா அம்மிணி? இதுக்குத்தான் படிச்ச ஆளு வேணும்கறது."

அக்கா தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்திருந்த தட்டு.

"ஐயா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஐயா, ஈரம் படாம பாத்துக்கச் சொன்னது நானுங்க. எப்படின்னு சொல்லிக் குடுக்கல. போன வாரம் வந்தப்ப பொட்டியைத் தொறந்து பாக்காமயே நல்லா இருக்குதுன்னு எழுதிட்டேன். நான் பாத்த நம்பரே தப்பு. அந்தச் சீட்டு தப்புங்க."

"அதெப்படி? நீங்க படிச்சவங்க..."

"படிச்சுட்டுத்தான் தப்பாச் சொன்னேன். அந்த நம்பர் நகரவே இல்லன்னு ஒரு வாரமா எழுதி வெச்சுக் காட்டுனது பூங்கொடியக்காதான். அது இல்லாட்டி இன்னிக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்க புதுசாக் கூட்டிட்டு வர்ற புள்ளைக்கும் தெரிஞ்சிருக்காது."

நாள்காட்டித் தாள்களை அவர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினார். சிவப்பு மையில் விரலை வைத்து நேரங்களைப் படித்தார். அதற்குள் ஒரு மூட்டை தராசில் ஏறிவிட்டது. அக்கா உட்கார்ந்து ஒற்றை விரலால் பதிய ஆரம்பித்தார். சீட்டு வந்தது. அடுத்தது. பனி இன்னும் விலகவில்லை. ஐந்தாவது மூட்டையும் இறங்கிவிட்டது. கணினி ஓடிக்கொண்டே இருந்தது. சிரித்தவர்கள் இப்போது சீட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "திங்கக்கெழமைக்கு வர வேண்டாம்னு அந்தப் புள்ளைக்குச் சொல்லிப்போடறேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. முகம் தாள்களின் பக்கமே இருந்தது.

அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். போன வாரத்துச் சீட்டு தவறு என்று நானே எழுதிக் கொடுத்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது என் கோப்பில் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு, பெட்டியைத் திறக்காமல் "நல்ல நிலையில் உள்ளது" என்று நான் எழுதியதில்லை. பழைய கணினியில் மென்பொருள் காட்டும் எண்ணைப் பயாஸ் எண்ணோடு ஒப்பிடாமல் நம்பியதும் இல்லை. போகும் இடத்தில், நாம் வரும் முன் எதை எடுத்து ஒளித்து வைத்தார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவேன். நீங்களும் கேளுங்கள். திட்டுவதற்காகக் கேட்கிறோம் என்று தோன்றிவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்குச் சங்கத்திலேயே புதுச் சேவைச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். முந்தைய அறிக்கை தவறு, காரணம் இது, செய்த வேலை இது என்று எழுதி முடித்தேன். கடைசிக் கட்டத்தில், "பழுதைக் கண்டறிந்தவர்" என்ற இடத்தில், கை பழகிய வேகத்தில் என் பெயரைப் போட்டேன்.

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, கண்டுபுடிச்சது நானுங்கறே, பேரு உன்றது இருக்குது?"

"இது சர்வீஸ் ஆளு எழுத வேண்டிய எடம்க்கா."

"ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. ஊட்டுல சொல்லாம உள்ளுக்குள்ளயே வெச்சிட்டுக் கெடந்தேன். மணியடிச்சாப்பல தராசை உட்டுட்டு எந்திரிச்சு எந்திரிச்சு எழுதுனது யாரு? அதுல என்ற பேரைப் போடு."

கேட்ட விதத்தில் கெஞ்சல் இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நானும் பெருமைக்காரி. இன்னொரு பெருமைக்காரியை எனக்கு அடையாளம் தெரியும்.

என் பெயரை ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினேன். அவர் உட்கார்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தலைப்பெழுத்தோடு தன் பெயரை முழுதாக எழுதினார். நிதானமாக எழுதினார். வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். பிறகு சீட்டைத் திருப்பிச் செயலாளரின் பக்கம் தள்ளினார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் அந்தப் பெயருக்குக் கீழேதான் இருந்தது.